வரம்பில் நிற்பவர்கள்

தைப்பொங்கலன்று சிட்னியிலும் மெல்பேர்ணிலும் நாம் பானை வைத்துப் பொங்கும்போது, இந்த நாட்டு வயல்களில் நெல் பெரும்பாலும் கதிர் தள்ளியிருப்பதில்லை. ஒக்டோபரை ஒட்டி விதைக்கப்படும் நெல் கோடை முழுவதும் நீரில் நின்று, மார்ச் கடைசி தொடங்கி மே வரை அறுவடையாகின்றது. புதிர் எடுப்பதானால் இங்கே சித்திரை வருடப்பிறப்பை ஒட்டித்தான் எடுக்க வேண்டும். நாம் அப்படி எடுப்பதில்லை. விட்டு வந்த மண்ணின் பருவத்தை நாட்காட்டியோடு கொண்டு வந்திருக்கிறோம். காலடியில் இருக்கும் மண்ணின் பருவமோ எமக்குத் தெரியாமலே வந்து போகின்றது.

இதில் குறை காண்பதற்கு ஒன்றுமில்லை. இடம்பெயர்ந்த எல்லாச் சமூகங்களும் தமது பருவங்களைச் சுமந்துகொண்டுதான் போகின்றன. ஆனால் கலியாண வீடுகளிலும் செத்தவீடுகளிலும் ஒன்றுகூடல்களிலும் நாம் அடிக்கடி சொல்லிக்கொள்ளும் ஒரு வசனம் இருக்கின்றது: "நாங்கள் கமம் செய்த சனம்." கணக்காளராகவும் பொறியியலாளராகவும் டாக்சிச் சாரதியாகவும் முதியோர் இல்லப் பராமரிப்பாளராகவும் வாழ்ந்துகொண்டு நாம் சொல்லும் இந்த வசனத்தில் பெருமையும் இழப்பும் கலந்திருக்கின்றன. நிலம் பறிபோன எமது கதைக்கெல்லாம் அத்திவாரமாக நிற்பதும் இதுதான். ஆகவே அதைச் சற்று நின்று பார்க்க வேண்டியிருக்கின்றது. அறுவடை நடந்தபோது 'நாங்கள்' எங்கே நின்றோம்?

இந்தக் கேள்வி எமக்கு எழுந்தது ஊரில் அல்ல. நியூ சவுத் வேல்ஸின் தெற்கே, மரம்பிஜி ஆற்றுப் பாசனத்தில் விளையும் வயல்களைப் பார்க்கப் போனபோதுதான் எழுந்தது. லீற்றன், கிறிபித், கொலியம்பலி ஆகிய ஊர்களைச் சுற்றியிருக்கும் இந்தப் பிரதேசம் மழையை நம்பி நெல் விளையக்கூடிய பூமி அல்ல. 1912இல் வாய்க்கால்களில் தண்ணீர் திறந்துவிடப்பட்ட பிறகே இது பாசன நிலமாயிற்று. 1924இல் லீற்றன், யாங்கோ பகுதிகளைச் சேர்ந்த எட்டுப் பேர் கலிபோர்னியாவிலிருந்து வந்த விதைநெல்லை விதைத்தார்கள். நியூ சவுத் வேல்ஸில் நெல் ஒரு வணிகப் பயிராக வேரூன்றியது அப்போதுதான்.

அதற்கும் முன்னர் ஒருவர் இருந்தார். ஜோ தகாசுகா என்ற ஜப்பானியர் 1905இல் மனைவி பிள்ளைகளுடன் மெல்பேர்ணில் வந்திறங்கினார். வெள்ளையரல்லாதோரை வெளியே நிறுத்துவதற்கென்றே 1901இன் குடிவரவுச் சட்டம் ஏற்படுத்திய சொல்வதெழுதல் பரீட்சையிலிருந்து தற்காலிக விலக்குப் பெற்றே அவர் உள்ளே வந்தார். அடுத்த ஆண்டு விக்ரோரிய மாநிலத்தில் ஸ்வான் ஹில்லுக்கு அருகே, மரே ஆறு பெருகினால் மூழ்கும் நிலத்தில் நெல் விதைக்கத் தொடங்கினார். ஓராண்டு வெள்ளம், ஓராண்டு வறட்சி என்று பல ஆண்டுகள் போராடித்தான் விற்கக்கூடிய விளைச்சலைக் கண்டார். இந்த நாட்டில் நெல் விளையும் என்று காட்டிய முன்னோடி, இந்த நாட்டில் தங்குவதற்கே விலக்குக் கேட்க வேண்டியிருந்த ஒருவர் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

நாம் போனது ஒரு ஏப்ரல் மாதம். லீற்றன் பக்கத்தில் ஒரு குடும்பத்தின் வயல். அனுமதி கேட்டபோது, வாய்க்கால் கரையில் நின்று பார்க்கலாம், இயந்திரத்துக்குக் கிட்டப் போகக் கூடாது என்றார்கள். தகப்பன் அறுவடை இயந்திரத்தில் இருந்தார். மகள் டிராக்டரில் ஒரு பெரிய தானியத் தொட்டியை இழுத்துக்கொண்டு அவருக்குப் பக்கத்திலேயே ஓட்டினாள். இயந்திரம் நிற்காமலே நெல் தொட்டிக்குள் கொட்டியது. தாய் லொறிகளின் கணக்கையும் சாப்பாட்டையும் பார்த்துக்கொண்டார். எங்கள் ஊரில் ஒரு கூட்டம் ஆட்கள் நாள்முழுக்க வெட்டும் பரப்பு தேநீர் குடித்து முடிப்பதற்குள் வெறும் ஒட்டாகக் கிடந்தது. உப்பட்டி இல்லை, சூடு இல்லை, களம் இல்லை, பொலி இல்லை. எம்முடன் வந்த வயதான ஐயா ஒருவர் கரையோரத்தில் ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் கசக்கி ஊதிப் பார்த்தார். "சப்பி இல்லை" என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் பேசவில்லை.

அந்த விளைச்சல் வியக்கத்தக்கது. இங்கே ஒரு ஹெக்டேருக்குச் சுமார் 10 தொன் நெல் கிடைக்கின்றது. இலங்கையின் சராசரியைப்போல இரண்டு மடங்குக்கும் அதிகம். லேசர் கொண்டு மட்டப்படுத்திய வயல், தண்ணீரைக் கீழே விடாத களிமண், ஊறவைத்து முளைகட்டிய விதையைச் சிறு விமானத்திலிருந்து தூவும் முறை என்று காரணங்கள் பல. எமக்குப் பிடித்தது இன்னொரு விடயம். கதிர் தண்டுக்குள் கருக்கொள்ளும் நாட்களில் இரவுக் குளிர் அதைக் கருக்கிவிடும் என்பதற்காக வயலில் தண்ணீரை ஆழமாகக் கட்டுவார்களாம். பகலில் சூடேறிய தண்ணீர் இரவில் கதிருக்குப் போர்வையாகின்றது. மொட்டைக்கருப்பனும் பச்சைப்பெருமாளும் விதைத்த எங்கள் மூத்தவர்கள் கேட்டால் தலையாட்டி ரசித்திருப்பார்கள்.

ஆனால் அன்று எம்மை உறுத்தியது விளைச்சல் அல்ல. அந்தக் குடும்பத்தில் ஒருவரும் வரம்பில் நிற்கவில்லை. வரம்பில் நின்றவர்கள் நாம் மட்டும்தான். நிற்பது எமக்குப் புதிதாகவும் இல்லை.

ஊரில் அரிவு வெட்டு நடக்கும்போது வரம்பில் குடையோடு நின்றவர் யார், குனிந்து வெட்டியவர் யார் என்பது எல்லாருக்கும் தெரியும். மட்டக்களப்பில் போடியார் நின்றார். முல்லைக்காரன் ஆட்களை நடத்தினான். யாழ்ப்பாணத்தில் நிலமுள்ள சாதி நின்றது. நிலம் வைத்திருக்க விடப்படாத சாதிகள் வெட்டின. எல்லாரும் அப்படி இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தாமே சேற்றில் இறங்கி, தாமே வெட்டி, தாமே சூடு மிதித்த சிறு கமக்காரர் ஏராளம். ஆயினும் "நாங்கள் கமம் செய்த சனம்" என்ற வசனத்துக்குள் வரம்பில் நின்றவரும் வயலில் குனிந்தவரும் ஒரே ஆளாக்கப்படுகின்றார்கள். புலம்பெயர்ந்த பின்னர் இந்தக் கலப்பு இன்னும் இலகுவாகிவிட்டது. தூரம் போகப் போக எல்லா முதுகும் நிமிர்ந்ததாகவே தெரிகின்றது.

வன்னியின் கதை இன்னும் சிக்கலானது. 20ஆம் நூற்றாண்டின் முதற் பகுதியில் இரணைமடுக் குளம் கட்டப்பட்டு, பின்னர் அதன்கீழ் யாழ்ப்பாணத்தவருக்குக் காணிகள் பகிர்ந்தளிக்கப்பட்டன. 1958இலும் 1977இலும் நடந்த இன வன்செயல்களின் பின்னர் மலையகத் தமிழர் பலர் அடிபட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து சேர்ந்தனர். காடு வெட்டியதிலும் களை பிடுங்கியதிலும் கதிர் அறுத்ததிலும் அவர்களுடைய கைகள் இருந்தன. காணி உறுதியில் அவர்களுடைய பெயர்கள் பெரும்பாலும் இருக்கவில்லை. அவர்களும் அகதிகள்தான், எமக்கு முன்னரே அகதியானவர்கள்.

களத்தில் பங்குகள் இருந்தன என்று சிலர் நினைவூட்டுவார்கள். அது உண்மை. வண்ணாருக்கும் அம்பட்டருக்கும் கொல்லருக்கும் கோயிலுக்கும் நெல் அளக்கப்பட்டது. வெட்டிய வயலில் ஏழைப் பெண்கள் கதிர் பொறுக்கினார்கள். பழைய யூத வேதத்தில்கூட வயலின் ஓரத்தை முற்றாக வெட்டாமல் ஏழைக்கும் அந்நியனுக்கும் விடவேண்டும் என்ற கட்டளை உண்டு. 1857இல் பிரெஞ்சு ஓவியர் மில்லே கதிர் பொறுக்கும் மூன்று பெண்களை வரைந்தார். முன்னே மூன்று குனிந்த முதுகுகள். தூரத்தில் குவிந்த போர்களும், குதிரைமேல் ஒரு கண்காணியும். அந்த ஓவியம் பாரிஸ் கனவான்களுக்குக் கோபமூட்டியது. எங்கள் களத்துப் பங்கும் இப்படி இரண்டு முகம் கொண்டதே. அது ஓர் உரிமை. அதே நெல்தான் அந்த மனிதரை அந்த வீட்டோடும் அந்தச் சாதித் தொழிலோடும் கட்டிவைத்த கயிறும்கூட. ஆகவே பழைய களத்துக்குத் திரும்பிப் போவது விடையாகாது. ஆனாலும் அந்தக் களம் ஒரு விடயத்தை ஒப்புக்கொண்டது. விளைந்தது முழுவதும் காணிக்காரனுடையது அல்ல என்பதே அது.

அறுவடையை வெளியே நின்று பார்ப்பதில் இன்னொரு வகையும் உண்டு. அதை எமது சனம் நன்றாக அறியும். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து மக்கள் துரத்தப்பட்டனர். வாழையும் வெங்காயமும் விளைந்த செம்மண் பூமி முட்கம்பிக்குள் போயிற்று. 2013இல் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அரசு அறிவித்தல் ஒட்டியது. வேலிக்கு உள்ளே இராணுவம் தோட்டம் செய்தது. வேலிக்கு வெளியே உறுதி வைத்திருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். 2017இல் கேப்பாப்பிலவுப் பெண்கள் தம் காணிகளுக்கு முன்னால் வீதியோரத்தில் மாதக் கணக்கில் குந்தியிருந்தார்கள். அதன்பின் காணிகள் பகுதி பகுதியாக விடப்பட்டன. தன் மண்ணில் மற்றவன் அறுப்பதை வேலிக்கு வெளியே நின்று பார்ப்பதைப் போன்ற கொடுமை வேறில்லை. வரம்பில் நின்றவனும் வேலிக்கு வெளியே நின்றவனும் சில வேளைகளில் ஒரே மனிதன் என்பதுதான் எமது வரலாறு.

மரம்பிஜி வயல்களையும் யாரோ வெளியே நின்று பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றார்கள். அது விராஜுரி மக்களின் மண். 1824 ஓகஸ்டில் பதர்ஸ்ற் பகுதியில் அவர்களுக்கெதிராக இராணுவச் சட்டம் பிரகடனப்படுத்தப்பட்டது. நரண்டெராவுக்குத் தெற்கே, நெடுஞ்சாலை ஓர் ஓடையைக் கடக்கின்றது. அதன் பெயர் 'நஞ்சூட்டப்பட்ட நீர்க்குழிகள் ஓடை'. பெயர்ப்பலகையைக் கடந்து நாம் காரில் போகிறோம். பெயர் சொல்லும் கதையைக் கேட்க எவரும் காரை நிறுத்துவதில்லை. இந்த மண்ணுக்கு அறுவடையும் புதிதல்ல. 1835இல் தோமஸ் மிச்செல் என்ற நில அளவையாளர் டார்லிங் ஆற்றோரத்தில் ஆதிக்குடிகள் புல்லைப் பிடுங்கி மைல் கணக்கில் போர்களாகக் குவித்திருந்ததைக் கண்டு எழுதினார். இதே மாநிலத்தின் கடி ஸ்பிறிங்ஸ் என்ற இடத்தில் கிடைத்த அரைகற்கள், சுமார் 30,000 ஆண்டுகளுக்கு முன்னரே இங்கே விதைகள் அரைக்கப்பட்டதைக் காட்டுகின்றன. 1992இல் மாபோ தீர்ப்பு, இது ஆளில்லாத நிலமாக இருந்தது என்ற சட்டப் பொய்யை உடைத்தது. ஆயினும் இன்று மரே-டார்லிங் ஆற்றுப் படுகையின் நீர் உரிமைகளில் ஆதிக்குடி அமைப்புகளின் கையில் இருப்பது நூற்றில் ஒரு பங்கிலும் மிகக் குறைவு.

இதைச் சொல்வது அந்தக் கமக்காரக் குடும்பத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு அல்ல. அவர்கள் உழைக்கிறார்கள், வரம்பில் நிற்பதில்லை. எனினும் ஒருவரின் உழைப்பு இன்னொருவரின் இழப்பை அழித்துவிடுவதில்லை. இரண்டும் ஒரே வயலில் நிற்கின்றன. எமது வன்னி வயல்களிலும் அப்படித்தான்.

இன்று வரம்பே இடம் மாறிவிட்டது. இந்த நாட்டில் நீர் உரிமை நிலத்திலிருந்து பிரிக்கப்பட்டு, தனியாக வாங்கி விற்கும் பண்டமாகிவிட்டது. ஒரு துண்டு வயலும் இல்லாத ஒருவர் சிட்னியில் ஓர் அலுவலகத்தில் இருந்துகொண்டு ஆற்று நீருக்குச் சொந்தக்காரராக இருக்கலாம். வறட்சி ஆண்டுகளில், நெல் விதைப்பதைவிட அந்த ஆண்டுத் தண்ணீரை விற்பது லாபம் என்று கணக்குப் பார்க்க வேண்டிய நிலை கமக்காரருக்கு வருகின்றது. 2001இல் 16 இலட்சம் தொன்னுக்கு மேல் விளைந்த நெல், 2008இல் 20,000 தொன்னுக்கும் கீழே வீழ்ந்தது. 2007 டிசம்பரில் டெனிலிக்குவினில் இருந்த மிகப்பெரிய அரிசி ஆலை மூடப்பட்டு, பல ஆண்டுகள் பூட்டியே கிடந்தது. அந்த 2008இல்தான் உலகெங்கும் அரிசி விலை ஏறி, ஹெயிற்றியில் பசித்த சனம் தெருவில் இறங்கியது. அறுப்பவனுக்கும் உண்பவனுக்கும் இடையில், வயலையே காணாத ஒருவர் வரம்பில் நிற்கிறார்.

எம்மவர் இந்த நாட்டின் அறுவடையிலும் இருக்கின்றார்கள். 2015இலிருந்து வழங்கப்பட்ட ஒரு வகைத் தற்காலிக விசா, படகில் வந்த அகதிகளைக் கிராமப்புறங்களுக்கு அனுப்பியது. அரச உதவிப் பணம் பெறாமல் அங்கே 42 மாதங்கள் வேலை செய்தாலோ படித்தாலோதான் வேறு விசாவுக்கு விண்ணப்பிக்கவே முடியும் என்பது நிபந்தனை. 2023இல்தான் அந்த விசாக்காரருக்கு நிரந்தர வதிவிடத்துக்கு வழி திறந்தது. பழம் பறிப்போருக்குக் கூடைக் கணக்கில் மட்டும் கூலி கொடுப்பதை மாற்றி, மணித்தியாலத்துக்குக் குறைந்தபட்சக் கூலியை உறுதிசெய்யும் தீர்ப்பு 2021 நவம்பரில் வந்து, 2022 ஏப்ரலில் நடைமுறையானது. விடுமுறை நாளில் பிள்ளைகளோடு காசு கட்டிச் செரி பறிக்கப் போகும் தமிழரும், கிழமை நாளில் கூலிக்குப் பறிக்கும் தமிழரும் இந்த நாட்டில் இருக்கிறார்கள். இருவரும் ஒரே கோயிலில் கும்பிடுகிறார்கள். வரம்பு இங்கேயும் வந்து சேர்ந்துவிட்டது.

இப்போது எமது அலுமாரிகளில் இருக்கும் உறுதிகளைப் பற்றிப் பேச வேண்டும். வன்னியிலும் தென்மராட்சியிலும் மட்டக்களப்பிலும் வயல் வைத்திருப்போர் எம்மில் பலர். பத்தாண்டுகள் தடையின்றி ஆண்டவனுக்கே காணி சொந்தம் என்று வாதாட இடங்கொடுக்கும் ஆட்சியுரிமைச் சட்டம் எமக்குப் பெரும் பயமாக இருந்தது. 2016இன் விசேட சட்டம், யுத்தத்தால் தம் காணிக்குப் போகமுடியாதிருந்தவர்களுக்கு அந்த ஆண்டுகளைக் கணக்கில் எடுக்காமல் பாதுகாப்புக் கொடுத்தது. அது நியாயமான சட்டம். துப்பாக்கிக்குப் பயந்து ஓடியவன், ஓடியதற்காக நிலத்தை இழக்கக் கூடாது.

ஆனால் நாம் ஓடிய பின்னர் அந்த வயலில் இறங்கியது யார்? பல இடங்களில் அது முன்பு அங்கே கூலிக்கு வெட்டியவரின் பிள்ளை. ஷெல் விழுந்த காலத்திலும் வரம்பு கட்டியவர், வாய்க்கால் துப்புரவாக்கியவர், 2009இல் எல்லாவற்றையும் இழந்து முகாமுக்குப் போய், திரும்பிவந்து பற்றை வெட்டியவர். அவரிடம் உறுதி இல்லை. எமக்கு அந்த வயலில் உரிமை உண்டு. அவருக்கு அந்த வயலோடு உறவு உண்டு. இரண்டும் மோதும்போது சட்டம் எம் பக்கம் நிற்கின்றது. நியாயம் எப்பக்கம்?

காணியைச் சும்மா விட்டுக்கொடுக்கச் சொல்கிறோமா என்று சிலர் கேட்பார்கள். அந்தக் கேள்வியை இலகுவாகத் தள்ளிவிட முடியாது. அந்தக் காணிதான் தங்கையின் சீதனம். அந்தக் காணிதான் செத்துப்போன தகப்பனின் வியர்வை. எமது நிலத்தை அரசு விழுங்க நிற்கும்போது உறுதியைக் கையில் பிடித்திருப்பதே ஓர் அரசியல். இவையெல்லாம் உண்மை. ஆனால் 'நிலம் யாருடையது' என்ற ஒரே கேள்வியைத்தான் கேட்போம் என்றால், அதற்குக் கிடைக்கும் விடை எப்போதும் ஒரு வேலியாகவே இருக்கும். 'விளைந்ததில் யாருக்குப் பங்கு' என்பதும் அதே அளவு பழைய கேள்வி. இலங்கைச் சட்டமே அதைக் கேட்டிருக்கின்றது. 1958இன் நெற்காணிச் சட்டம், வாரத்துக்குச் செய்தவனைக் காணிக்காரன் நினைத்தபடி எழுப்பக் கூடாது என்றும், அவனிடம் வாங்கும் பங்குக்கு எல்லை உண்டு என்றும் சொன்னது. அதன் வழிவந்த 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டமும் குத்தகைக் கமக்காரனுக்குப் பாதுகாப்புத் தருகின்றது. அந்தச் சட்டங்கள் ஊரில் எவ்வளவு மதிக்கப்பட்டன என்பது வேறு விடயம்.

நாம் செய்யக்கூடியவை உண்டு. குத்தகையை வாய்ச்சொல்லாக விடாமல் எழுத்தில், பல ஆண்டுகளுக்கு எழுதலாம். வெள்ளமும் வறட்சியும் அழித்த போகத்தில் குத்தகை கேட்காமல் விடலாம். காணியை விற்பதானால் முதலில் செய்கைக்காரரிடம் கேட்கலாம். தவணை முறையில் அவருக்கே கொடுக்கலாம். இருபது முப்பது ஆண்டு அந்த மண்ணில் நின்றவருக்கு ஒரு துண்டையாவது அவர் பெயரில் எழுதலாம். இவற்றில் எதுவும் தருமம் அல்ல. அவர் கமம் செய்ததால்தான் "நாங்கள் கமம் செய்த சனம்" என்று எம்மால் சொல்ல முடிந்தது.

வலிகாமத்தின் நலன்புரி முகாம்களில் காணிகள் விடப்பட்ட பிறகும் கடைசிவரை தங்கிப்போனவர்களில் பலர் நிலமற்றவர்கள். விடுவிக்கப்பட்ட கிராமங்களின் பட்டியல்களில் தேடுவதற்கு அவர்களுக்கு எந்தக் காணியும் இருக்கவில்லை. அவர்களும் அதே 1990இல், அதே வீதியால், அதே மூட்டைகளோடு வெளியேறியவர்கள். எமது காணிகளை விடு என்று சிட்னி நகரமண்டபத்துக்கு முன்னாலும் மெல்பேர்ண் நாடாளுமன்றப் படிகளிலும் நாம் பதாகை பிடிக்கும்போது, 'எமது' என்ற அந்தச் சொல்லுக்குள் அவர்களும் இருக்கிறார்களா என்பதை அவர்களிடமே கேட்க வேண்டும்.